மேஸ்திரியின் நாலாவது கால்

மேஸ்திரி பாதிப் படியில் நின்றுகொண்டு, இனி ஒரு படிகூட இறங்க முடியாது என்று சொல்லிவிட்டது. வாயால் சொல்லவில்லை. மிச்சமிருந்த மூன்று கால்களையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டது. வயிற்றைச் சுற்றிப் போட்டிருந்த பெல்ட்டில், எடுத்துப்போக ஆள் வராத மூட்டை மாதிரி ஆடாமல் அசையாமல் தொங்கியது.

பெல்ட்டின் மறுமுனை கப்பியின் கையில் இருந்தது. அவனுடைய இன்னொரு கை சுவரைப் பிடித்திருந்தது. பிடிக்கக் கை இல்லாமல் போன ஊன்றுகோல் மட்டும் தன்பாட்டுக்குப் படிப்படியாகக் குதித்து இறங்கி, கீழே தையற்காரியின் வாசலில் போய்ப் படுத்தது.

தையல் மெஷின் சத்தம் நின்றது.

“அண்ணே, இன்னைக்கும் கம்பா? நேத்து விழுந்ததுலயே என் கத்தரிக்கோல் வாய் போயிடுச்சு.”

“தங்கச்சி, கொஞ்சம் மேல வந்து ஒரு கை குடும்மா. இவன் கால ஊன மாட்டேங்கறான்.”

“நான் உங்களுக்கு ஒரு கை குடுத்தா, இந்தச் சட்டைக்கு ரெண்டாவது கை யாரு வைக்கிறது? ஆளு வாசல்லயே நிக்கிறாரு.”

மெஷின் மறுபடி ஓடியது.

“இறக்கு!” என்றான் கப்பி நாயிடம். தொழிலில் பாரம் இறக்கும்போது போடுகிற அதே குரல். மேஸ்திரி ஒரு காதை மட்டும் அசைத்தது.

கப்பியின் வலது கால் அதற்குமேல் தாங்கவில்லை. மெதுவாகப் படியில் உட்கார்ந்தான். மேஸ்திரி அவன் மடியில் தலையை வைத்து, ஒரு பெருமூச்சு விட்டு, கண்ணை மூடிக்கொண்டது.

சாயங்காலம் அவன் மனைவி வேலை முடிந்து வந்தபோது இருவரும் அதே படியில் இருந்தார்கள்.

“எவ்வளவு நேரமா இப்படியே உட்கார்ந்திருக்கீங்க?”

“ரெண்டு சட்டை ஒரு பாவாடை நேரமா” என்று கீழேயிருந்து பதில் வந்தது.

கப்பி என்பது பெற்றவர்கள் வைத்த பேரல்ல. தொழிற்சாலைகளில் லேத், பாய்லர், அச்சு இயந்திரம் என்று யானைக் கனம் கனக்கிற சாமான்களைச் சங்கிலியும் கப்பியும் போட்டுத் தூக்கி, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கொண்டுபோய் உட்காரவைக்கிற கூட்டத்தில் அவன் கயிறு பிடிக்கிறவன். பாரம் தரையில் உட்காரும்வரை கயிற்றிலிருந்து கையை எடுக்கக் கூடாது. அந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருவதும் அதுதான், கடைசி நாள்வரை சொல்லித் திட்டுவதும் அதுதான்.

மேஸ்திரி என்பதும் யாரும் யோசித்து வைத்த பேரல்ல. வேலைக் கொட்டகைக்குத் தானாக வந்து ஒண்டிக்கொண்ட நாய். கூட்டம் முழுக்க வேர்த்து விறுவிறுத்துச் சங்கிலி இழுக்கும்போது, அது நிழலில் படுத்தபடி ஒரு கண்ணைத் திறந்து பார்க்கும். வேலை நடக்கிறது என்று தெரிந்ததும் மூடிக்கொள்ளும். “நம்ம மேஸ்திரியும் இதைத்தானடா செய்யறாரு” என்று யாரோ சொல்ல, பேர் ஒட்டிக்கொண்டது. அசல் மேஸ்திரிக்கு அதில் வருத்தம் உண்டு. நாய்க்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஒரு நாள் லேத் ஒன்றை இறக்கும்போது, அடியில் கொடுத்திருந்த மரக்கட்டை பிளந்து இரும்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்த பக்கத்தில் கப்பியின் வலது காலும், எப்போதும் அவன் பக்கத்திலேயே படுக்கிற மேஸ்திரியின் பின்னங்காலும் இருந்தன. கப்பியின் எலும்புக்குக் கம்பி வைத்தார்கள். மேஸ்திரியின் காலையும் காப்பாற்றத்தான் பார்த்தார்கள். மாதக்கணக்கில் கட்டு மாற்றினார்கள், புண் ஆறவில்லை. கடைசியில் தொடையோடு எடுத்துவிட்டார்கள்.

கப்பியின் எலும்பு நன்றாகவே சேர்ந்துவிட்டது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, “இனிமே எங்க வேலை ஒண்ணும் இல்ல. எல்லாம் உங்க கையிலதான். தினமும் என்ன செய்யணும்னா…” என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடிக்கு யாரோ தண்ணீர்த்தொட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முடிச்சு தப்பு. கயிறு போகிற வழி தப்பு. தொட்டிக்கு நேர் கீழே ஒருத்தன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். கப்பிக்கு அதற்குமேல் டாக்டர் காதில் விழவில்லை. தொட்டி ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தபோது டாக்டரும் பேசி முடித்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

“புரிஞ்சுதா?”

“முடிச்சுப் போடத் தெரியாத பசங்க சார். என்னைக்காவது ஒருத்தன் தலையில விழும்.”

வீட்டுக்கு வந்து மாடி ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவன்தான். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் ஊன்றுகோல் பிடித்து நாலு எட்டு வைப்பான். மனைவி ஏதாவது சொல்ல வாயெடுத்தால், “அப்புறம் பார்க்கலாம்” என்பான். கூட்டத்து ஆட்கள் வந்து கூப்பிட்டபோது, “நான் கயிறு பிடிச்சது போதும்டா. வேற ஆளைப் பாருங்க” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அவர்களும் வந்து பார்க்க மட்டும் செய்தார்கள், கூப்பிடவில்லை.

மேஸ்திரிக்குத் தையல் பிரித்து வீட்டுக்கு அழைத்துவரப் போன அன்றுதான் அவன் பல மாதங்களுக்குப் பிறகு படியிறங்கினான். இறங்கியதும் அரைமனதோடுதான், மனைவியின் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு. போய்ப் பார்த்தால், கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் உயரம் உயரமாகப் படிகள். “நீங்க போங்க, நான் இங்கயே இருக்கேன்” என்று வெளியே சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்துவிட்டான். உள்ளே மனைவியும் மச்சானும் போனார்கள். முதலில் மச்சான் நாயைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து வேனில் போட்டார். மனைவி கடைசியாக வந்தாள்.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

அவள் அவனையும் ஊன்றுகோலையும் ஒருமுறை பார்த்தாள்.

“நிறைய சொன்னாரு” என்றாள்.

“இவன் நடப்பானா?”

“சொன்னபடி செஞ்சா நடப்பானாம்.”

“யாரு செய்யறது?”

“நான் பொழுது விடிஞ்சா அடையற வரைக்கும் ஆஸ்பத்திரித் துணியத் துவைச்சுக்கிட்டு நிக்கறேன். எங்க அண்ணன் வேனை ஓட்டணும். மிச்சம் யாரு இருக்கா, நீங்களே சொல்லுங்க.”

மச்சான் பேச்சை மறைத்துப் பழகாத மனிதர். வேன் ஓட்டிக்கொண்டே பேசினார்.

“மாப்ளே, நான் சொன்னா கோவிச்சுக்காதீங்க. நாலு காலு இருந்தப்பவே இது படுத்துத்தான் கிடந்தது. மூணு கால்ல எழுந்து நடக்கப்போகுதா? என் சிநேகிதன்கிட்ட பண்ணை இருக்கு. ஒரு மூலையில கிடக்கட்டும், ரெண்டு வேளை சோறு போடுவான். மாடியில வச்சுக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் என்ன செய்யப்போறீங்க?”

“அப்ப என்னையும் சேர்த்து அனுப்பிடுங்க மச்சான். ஒரே மெஷினுக்கு அடியில கிடந்தவங்கதானே நாங்க.”

“பேச்சு நல்லாத்தான் இருக்கு. நடக்கணுமே.”

கப்பிக்குச் சுர்ரென்று ஏறியது. “அடுத்த தடவை டாக்டர்கிட்ட போறோம்ல? அன்னைக்கு யார் கையும் படாம, பெல்ட்டும் இல்லாம, அந்தப் படியில இவன் தானா ஏறி உள்ள போவான். போகலைன்னா நேரா உங்க பண்ணைக்கே ஓட்டுங்க.”

“வார்த்தை மாற மாட்டீங்களே?”

“கயிறு பிடிச்ச கை மச்சான் இது.”

பின்சீட்டில் மனைவி ஊன்றுகோலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். மேஸ்திரி குறட்டை விட்டது.

மறுநாளிலிருந்து டாக்டர் சொன்ன வைத்தியம் ஆரம்பமானது. சிறுநீர் கழிக்க, காற்று வாங்க, சாப்பிட்டபின் உலாவ என்று மேஸ்திரியைத் திரும்பத் திரும்பப் படியில் இறக்கி ஏற்றவேண்டுமாம். தூக்கும்போது குனியக் கூடாதாம். குந்தி உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி எழுந்திருக்கவேண்டுமாம்.

“பாரம் தூக்கறவனுக்கே பாடமா?” என்றான் கப்பி. ஆனாலும் குந்தினான். முதல் நாள் எழுந்திருக்கக் கதவு, நாற்காலி, மனைவி மூன்றும் தேவைப்பட்டன.

சும்மா ஒரு துண்டைச் சுற்றிப் பிடித்தால் போதும் என்றுதான் மனைவி சொன்னாள். கப்பிக்கு அது கௌரவக் குறைச்சலாக இருந்தது. பாரம் தூக்குகிற பெல்ட்டை எடுத்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சமமாகக் கனம் விழுகிற மாதிரி முடிச்சுப் போட்டு, மேலே கைப்பிடி வைத்துக் கட்டினான். வேலை அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தம்தான் கோளாறு. அதில் படுத்தால் ஊஞ்சல் மாதிரி இருக்கிறது என்று மேஸ்திரி கண்டுபிடித்த பிறகு, அது ஏன் காலை ஊன்றப்போகிறது?

அதனால்தான் முதலில் சொன்ன படிக்கட்டுச் சங்கதி.

படிதான் சிக்கல், படியை மறைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று அடுத்த நாள் கப்பிக்குத் தோன்றியது. கூட்டத்து ஆட்களிடம் சொல்லி நீளப் பலகை இரண்டு வரவழைத்து, படியின் ஒரு பாதியில் சரிவாகப் போட்டு ஆணி அடித்தான். லேத்தை லாரியில் ஏற்றுகிறபோது செய்கிற வேலைதான். ஏறி நின்று உறுதி பார்த்தான். பலகை உறுதியாகத்தான் இருந்தது. வழுக்குகிறதா என்று பார்க்க மறந்துவிட்டான்.

மேலேயிருந்து கீழே வர அவனுக்கு நேரமே ஆகவில்லை. தையற்காரியின் துணிக்கூடை நடுவில் வந்து உட்கார்ந்தான்.

“அண்ணே, எந்திரிக்காதீங்க” என்றாள் அவள்.

“அடியொண்ணும் படலம்மா.”

“அதுக்கில்ல. கீழ இருக்கறது கல்யாணப் பொண்ணு சட்டை. நீங்க வேகமா எந்திரிச்சா கிழிஞ்சுடும்.”

மேலே படித்தலைப்பில் மேஸ்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கண்ணால்.

வழுக்காமல் இருக்கப் பலகை மேல் சாக்கு ஒட்டினான். சாக்கு வாசனை மேஸ்திரிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. பாதிச் சரிவில் பெல்ட்டோடு படுத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்கத் தூங்கியது. பக்கத்து அறைக்காரர் பலகையும் நாயும் போக மிஞ்சிய படியில் ஒற்றைக் காலால் தாண்டிப் போனார். “வீட்டுல யாருக்குங்க கால் போச்சு, அதுக்கா எனக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார். சாயங்காலம் பலகை கழற்றப்பட்டது.

கப்பி நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தான். பால்கனிக்கு மேலே ஒரு இரும்புக் கம்பம் நீட்டிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் பல மாதமாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது.

மறுநாள் மனைவி வேலைக்குப் போனதும் வீட்டில் கிடந்த இரும்புக் கப்பி ஒன்றைத் துடைத்து, எண்ணெய் விட்டு, கம்பத்தில் மாட்டினான். அதில் துணிக்கூடை. கூடையில் மேஸ்திரி. நாற்காலியில் சாய்ந்தபடியே கயிற்றைத் தளர்த்தினான். கூடை பூப்போல முற்றத்தில் போய் உட்கார்ந்தது.

“தங்கச்சி! அவனைக் கொஞ்சம் கூடையிலிருந்து இறக்கிவிட்டு, போயிட்டு வந்ததும் திரும்ப ஏத்தி வச்சுடும்மா!”

“சரிண்ணே!”

கொஞ்ச நேரத்தில் ஒரு குரைப்பு. இழுத்தான். கூடை கனமாக மேலே வந்தது. உள்ளே மேஸ்திரி, வேலை முடிந்த முகத்தோடு.

“நல்ல மனசும்மா உனக்கு!” என்று கத்தினான். கீழே தையல் மெஷின் ஒரு விநாடிகூட நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

இப்படி இரண்டு தடவை கச்சிதமாக நடந்தது. மூன்றாவது தடவை கயிறு கப்பிக்கும் கம்பத்துக்கும் நடுவில் போய்ச் செருகிக்கொண்டது. கூடை அந்தரத்தில் நின்றது. கீழே தையற்காரி ஒரு பெரிய மனிதரை இரண்டு கைகளையும் விரித்து நிற்கவைத்து அளவெடுத்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரியால் எவ்வளவு நேரம் பொறுக்க முடியும்? அது எதற்காக இறங்கியதோ அதை இறங்குவதற்கு முன்பே முடித்துவிட்டது.

“என்னம்மா இது, மேலேருந்து…”

“அசையாதீங்க சார், அளவு மாறிடும்” என்றாள் தையற்காரி. அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

அன்று மனைவி வந்ததும் கப்பியைக் கழற்றிப் பரணில் போட்டாள்.

“டாக்டர்கிட்ட போன்ல சொன்னேன். கத்தறாரு. கப்பியெல்லாம் கட்டவே கூடாதாம்.”

“கப்பியப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?”

“நாயப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?”

கப்பி கயிற்றைச் சுருட்டி வைத்தான்.

“இன்னொண்ணும் சொன்னாரு. உங்க கம்பப் பார்த்துத்தான் அது மிரளுதாம். நாய்க்குக் கம்புன்னா பயம் இருக்கும்ல? அதான் நடக்க மாட்டேங்குது. அதக் கண்ணுல படாம வைக்கணுமாம்.”

“கம்பு இல்லாம நான் எப்படி நடக்கறது?”

“அது மட்டும் கம்பு வச்சுக்கிட்டா நடக்கப்போகுது?”

நியாயமாகத்தான் பட்டது. ஊன்றுகோல் பரணில் இரும்புக் கப்பிக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. முதல் இரண்டு நாள் கப்பி சுவரோடு சுவராக நடந்தான். அதற்குப் பிறகு சுவரும் தூரமாகத்தான் இருந்தது. நாய்க் கவலையில் அவன் அதைக் கவனிக்கவில்லை.

டாக்டர் ஓயவில்லை. அவள் சாயங்காலம் வரும்போதெல்லாம் புதிதாக ஒன்று வந்தது. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்கால் மேல் மேஸ்திரியைப் படுக்கவைக்கவேண்டுமாம். உடம்புச் சூடு அதன் காயத்துக்கு நல்லதாம். கப்பியின் முழங்கால் மடங்கியே பழகியிருந்தது. மேஸ்திரி முழுக் கனத்தோடு அதன்மேல் விழுந்து படுத்ததும், அவன் கூரையைப் பார்த்து “அம்மா!” என்றான்.

“வலிக்குதா?”

“எனக்கென்ன வலி? அவனுக்கு வலிக்கக் கூடாதேன்னு பார்க்கறேன்.”

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாளாக ஆக, படுத்தது தெரியாமல் அவனும் தூங்கிவிட ஆரம்பித்தான். விழித்துப் பார்த்தால் மேஸ்திரி அதே இடத்தில் இருக்கும். சமையலறை மூலையில் இருந்த தண்ணீர்க் கிண்ணம் மட்டும் காலியாக இருக்கும்.

“என்னா வெயில் பாரு” என்பான். “தண்ணி நிக்கவே மாட்டேங்குது.”

ஆனாலும் அவன் கண்ணெதிரே மேஸ்திரி ஒரு எட்டு வைக்கவில்லை. பெல்ட்டைப் பிடித்தால் தொங்கியது. பெல்ட்டைக் கழற்றினால் உட்கார்ந்தது. பிஸ்கட்டைத் தூரத்தில் வைத்தால், அதைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தது. அவன்தான் போய் எடுத்துவந்தான்.

“நாய் பார்த்துத்தான் கத்துக்குமாம்” என்றாள் மனைவி. “அதை மேல உட்காரவச்சுட்டு, நீங்க படியில ஏறி இறங்கிக் காட்டணுமாம். சுவரப் பிடிக்காம.”

“எனக்கு ரெண்டு காலு. அதுக்கு மூணு. என்னைப் பார்த்து அது என்னத்தக் கத்துக்கும்?”

“இருக்கறத வச்சு நடக்கக் கத்துக்கும்.”

அன்றிலிருந்து தினமும் அந்தக் காட்சி. மேலே படித்தலைப்பில் மேஸ்திரி முன்கால்களை நீட்டி, ஒரு கண்ணைத் திறந்து படுத்திருக்கும். கீழேயும் மேலேயுமாகக் கப்பி வேர்த்து விறுவிறுக்க ஏறி இறங்குவான். “பார்த்தியா? இப்படி. கால எடு, வை. எடு, வை.” கூட்டத்து ஆள் ஒருவன் பார்க்க வந்தவன், படியடியில் நின்று சிரித்துச் சிரித்துத் தண்ணீர் கேட்டான். “பழையபடி மேஸ்திரி படுத்துக் கிடக்கறாரு, நீ வேலை பார்க்கற. கொட்டகையே திரும்பி வந்த மாதிரி இருக்குடா!”

கப்பி மூச்சு வாங்கிக்கொண்டு உட்காரப் போனால், மெஷின் பக்கமிருந்து குரல் வரும்.

“அண்ணே, இன்னும் ரெண்டு தடவை பாக்கி.”

“அதெல்லாம் உனக்கு யாரும்மா சொன்னது?”

“அது… பாவம்ணே, நாய். நல்லா பார்த்தாத்தானே கத்துக்கும்.”

டாக்டரிடம் போகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் மச்சான் வந்தார். வேனில் புதுச் சாக்கு விரித்திருந்தார். பண்ணைக்காரரிடம் பேசியாகிவிட்டது என்றார். குத்திக்காட்டவில்லை, காப்பிக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு மேஸ்திரியின் தலையைத் தடவிக்கொடுத்தார். அதுதான் கப்பிக்கு அதிகமாக வலித்தது. மச்சான் கேலி செய்தால் சண்டை போடலாம். இரக்கப்பட்டால் என்ன செய்வது?

மச்சான் போனபின் காலை நீட்டி உட்கார்ந்தான். மேஸ்திரி வழக்கம்போல முழங்கால் மேல் ஏறிப் படுத்தது.

“டேய்” என்றான் மெதுவாக. “நாளைக்கு ஒரு நாளு. அந்தப் படி மட்டும் ஏறிடு. எனக்கென்ன, நான் நாற்காலியிலயே உட்கார்ந்து மிச்சத்த ஓட்டிடுவேன். உனக்கு அப்படியா? ஓடிப் பொழைக்கிற சாதிடா நீ.”

மேஸ்திரி அவன் கையை நக்கியது. அவன் மனைவி சமையலறையில் ஏதோ பாத்திரத்தை ரொம்ப நேரம் கழுவினாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் ஏகக் கூட்டம். கூண்டுக் கிளி, போர்வைக்குள் பூனை, கயிற்றில் ஆடு என்று ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு நின்றார்கள். மச்சான் வேனின் பின்கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் நின்றார். கப்பி மேஸ்திரியைக் குந்தித் தூக்கி, படிக்கு எதிரே இறக்கினான். பெல்ட்டைக் கழற்றினான். கடைசியாகக் கையை எடுக்கத்தான் நேரம் பிடித்தது. அவன் தொழிலில் அவன் கையை எடுத்ததெல்லாம் பாரம் உட்கார்ந்த பிறகுதான். எழுந்து நடப்பதற்காகக் கையை எடுத்துப் பழக்கமில்லை.

“விடு!” என்று தனக்கே கட்டளை கொடுத்துக்கொண்டு எடுத்தான்.

மேஸ்திரி உட்கார்ந்தது.

“வாடா” என்றான். இரண்டு படி ஏறிக் காட்டினான். “பார்த்தியா? இப்படி.” இறங்கினான். மறுபடி நாலு படி ஏறிக் காட்டினான். ஆட்டுக்காரர் வாயில் வைத்த பீடியைப் பற்றவைக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கப்பி ஏறி இறங்கிய படிகளைச் சேர்த்தால் ஒரு மாடிக் கட்டடம் தேறும். மேஸ்திரி முன்கால்களை நீட்டிப் படுத்து, ஒரு கண்ணை மூடியது.

“விடுங்க மாப்ளே” என்றார் மச்சான், இதமாகவே. “நீங்க செய்யாததா? அதால முடியல, அவ்வளவுதான்.” குனிந்து மேஸ்திரியை வாரித் தூக்கினார். வேனில் வைத்தார்.

சாக்கு மூக்கில் பட்டதோ, வேன்தான் பழசை ஞாபகப்படுத்தியதோ, மேஸ்திரி மச்சானின் கையை உதறித் துள்ளி விழுந்தது. விழுந்த வேகத்தில் எழுந்தது. எழுந்த வேகத்தில் ஓடியது. மூன்று காலில், எய்த அம்பு மாதிரி, தெருவுக்கு.

தெருவில் தண்ணீர் லாரி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது.

“நிறுத்து!” என்றான் கப்பி. பாரம் சரியும்போது போடுகிற குரல் அது. லாரி நின்றது, ஆடு நின்றது, ஆட்டுக்காரரும் விறைத்து நின்றார். நிற்காதவை இரண்டுதான்: முன்னால் மேஸ்திரி, பின்னால் கப்பி. லாரியை ஒரு சுற்றுச் சுற்றி, கிளிக்கூண்டைத் தாண்டி, மச்சானின் இரண்டு கால்களுக்கு நடுவில் புகுந்து, மேஸ்திரி ஆஸ்பத்திரிப் படியில் தாவித் தாவி ஏறியது. அதைப் பிடிக்கக் கையை நீட்டியபடி கப்பி இரண்டு இரண்டு படியாகத் தாண்டி ஏறினான். கதவு திறந்திருந்தது. இருவரும் உள்ளே போய், எடை போடுகிற மேடை மேல் ஒன்றாக விழுந்தார்கள்.

முள் கிறுகிறுவென்று சுற்றிவிட்டு நின்றது.

கப்பிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். “ஏறிட்டான்! எல்லாரும் பார்த்தீங்கல்ல? மச்சான், பார்த்தீங்கல்ல? யார் கையும் படல! ஓடினான்யா! மூணு கால்ல ஓடினான்!”

வெளியே மச்சான் காலிச் சாக்கைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். அவன் மனைவி படியடியில் நின்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர். அவள் நாயைப் பார்க்கவில்லை. கப்பி ஏறிவந்த படிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊசி போடுகிற அம்மா சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து வந்தார். மேஸ்திரி அவரைக் கண்டதும் வாலாட்டிக்கொண்டு மேடையிலிருந்து குதித்து, பிஸ்கட் டப்பா இருக்கிற அலமாரிக்கு, வழி தெரிந்த ஆள் மாதிரி நேராக நடந்து போனது.

“டாக்டர்கிட்ட சொல்லுங்கம்மா” என்றான் கப்பி மூச்சு வாங்கிக்கொண்டு. “அவரு சொன்னதுல ஒண்ணு விடல. குந்தி எந்திரிச்சேன். முழங்கால் மேல கனம் வச்சேன். கம்பத் தூக்கிப் போட்டேன். சுவரத் தொடாம படியேறி இறங்கினேன். என்னா வைத்தியம்மா! செத்த காலு பொழைச்சிடுச்சு!”

அந்த அம்மா அவனைப் பார்த்தார். மேஸ்திரியைப் பார்த்தார். வாசலில் வேகவேகமாகத் தலையாட்டி ஜாடை காட்டிக்கொண்டிருந்த அவன் மனைவியைக் கவனிக்காமலே கேட்டார்:

“என்னண்ணே சொல்றீங்க? நாய்க்கு டாக்டர் சொன்னது ‘தையல் பிரிச்சாச்சு, நல்லா நடக்குது, அதுபாட்டுக்கு விட்டுடுங்க’ன்னு ஒண்ணுதானே, மத்ததெல்லாம் உங்க எலும்பு டாக்டர் உங்களுக்குச் சொன்னதுன்னுல்ல அக்கா சொன்னாங்க?”